ஒரு மாதிரி, ஒரு எண்: கருதுகோள் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளியியல் படிப்பவர்களும், ஆய்வேட்டுக்குத் தரவெல்லாம் சேர்த்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று முழிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இரண்டு குழுக்களை ஒப்பிடும் சோதனைகள் இங்கே வராது. கையில் இருப்பது ஒரே ஒரு மாதிரி, அதாவது எல்லோரிலிருந்தும் சிலரை மட்டும் எடுத்து அளந்த தொகுப்பு; அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு எண். அவ்வளவுதான். பல பதில்களுக்கு உடல் வெப்பநிலையை எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் 98.6 என்ற எண்ணைத் தெரியாத வீடு கிடையாது.

ஒரு-மாதிரிச் சோதனை எதைக் கேட்கிறது?

முழுமைத்தொகுதியின், அதாவது நாம் அறிய விரும்பும் எல்லோரின், சராசரி (அல்லது விகிதம்) இன்ன எண்தான் என்று ஒருவர் சொல்கிறார். அது இன்மைக் கருதுகோள். இல்லை, வேறு எண் என்பது மாற்றுக் கருதுகோள். எல்லோரையும் அளக்க முடியாது, அதனால் சிலரை அளக்கிறோம். அந்த மாதிரியின் சராசரி சொன்ன எண்ணிலிருந்து கொஞ்சம் விலகித்தான் இருக்கும். விலகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த விலகல், யாரை அளந்தோம் என்ற தற்செயலால் மட்டுமே வந்திருக்கக்கூடியதா, அதற்கு மிஞ்சியதா? சோதனை கேட்பது இது ஒன்றைத்தான்.

98.6 என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் வுண்டர்லிஹ் 1868-ல் வெளியிட்ட நூலிலிருந்து. சுமார் 25,000 நோயாளிகளிடம், அக்குளில், லட்சக்கணக்கான முறை அளந்ததாகச் சொன்னார். ஆரோக்கியமானவரின் சராசரியாக அவர் கொடுத்த எண் 37 டிகிரி செல்சியஸ். அதை 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32 கூட்டினால் 98.6 வரும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 37 என்பது முழு எண்ணாக்கிச் சொன்ன மதிப்பு. பாரன்ஹீட்டுக்கு மாற்றியதும் தசமப் புள்ளிக்குப் பின் ஒரு 6 ஒட்டிக்கொண்டு, மிகத் துல்லியமாக அளந்த எண் போல ஆகிவிட்டது. அந்த 6 யாரும் அளந்து வந்ததல்ல, பெருக்கல் கணக்கில் வந்தது.

1992-ல் பிலிப் மக்கோவியாக்கும் சகாக்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 18 முதல் 40 வயதுக்குட்பட்ட, ஆரோக்கியமான 148 பேர். வாயில் வைத்து எடுத்த 700 அளவுகள். சராசரி 98.2. சரியாக 98.6 காட்டியவை நூற்றுக்கு எட்டுதான்.

கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

அந்தக் கட்டுரையின் வரைபடத்தை ஒட்டி, வகுப்பறையில் பயன்படுத்துவதற்காக ஆலன் ஷூமேக்கர் 1996-ல் 130 அளவுகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். 65 ஆண்கள், 65 பெண்கள். உலகம் முழுக்கப் புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் ஓடுகிற தொகுப்பு அது. அதன் சராசரி 98.25, திட்டவிலக்கம் (தனி அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 0.73.

முதலில் திட்டப்பிழை, அதாவது மாதிரியின் சராசரி தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு. திட்டவிலக்கத்தை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்: 0.733 ÷ √130 = 0.064. ஒரு தனி ஆளின் வெப்பநிலை சராசரியிலிருந்து 0.7 டிகிரி அளவுக்கு விலகுவது சகஜம். ஆனால் 130 பேரின் சராசரி விலகுவது 0.06 அளவுக்குத்தான். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

அப்புறம் டி மதிப்பு: (98.25 − 98.6) ÷ 0.064. தசமங்களை வெட்டாமல் போட்டால் −5.45. மாதிரிச் சராசரி, 98.6-இலிருந்து ஐந்தரைத் திட்டப்பிழை தூரத்தில் இருக்கிறது. 98.6 உண்மையாக இருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து, இவ்வளவு தூரமோ இன்னும் கூடுதலோ விலகிய மாதிரி கிடைக்கும் வாய்ப்பு கோடியில் இரண்டு மூன்று. இதுதான் பி-மதிப்பு. இன்மைக் கருதுகோளை நிராகரிக்கலாம்.

அப்படியானால் 98.6 சரியாக இருக்க வாய்ப்பு கோடியில் இரண்டுதான் என்று சொல்லலாமா?

கூடாது. ஆய்வேடுகளில் அதிகம் பார்க்கும் தவறு இது. 98.6 சரி என்று வைத்துக்கொண்டுதான் பி-மதிப்பையே கணக்கிடுகிறோம். சரி என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு, அது சரியா என்பதற்கான வாய்ப்பை எப்படிச் சொல்லும்? கருதுகோள் உண்மையானால் தரவு எவ்வளவு அபூர்வம் என்பது வேறு. தரவைப் பார்த்தபின் கருதுகோள் எவ்வளவு நம்பத்தக்கது என்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல, தரவுக்கு முன்பே அந்தக் கருதுகோளை எவ்வளவு நம்பினோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் பி-மதிப்பு பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டு இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் நிராகரி என்கிறார்களே, அந்தக் கோடு யார் போட்டது?

புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், 1925-ல். இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை, இயல்நிலைப் பரவலில் (மணி வடிவ வளைவில்) அது 1.96 திட்டவிலக்கத்துக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டுக்கு, ஒத்து வருகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். இயற்கை விதி ஒன்றும் கிடையாது. 0.049-க்குக் கொண்டாட்டம், 0.051-க்குத் துக்கம் என்று இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இசட் சோதனையா, டி சோதனையா?

முழுமைத்தொகுதியின் திட்டவிலக்கம் உண்மையிலேயே தெரிந்தால் இசட், அதாவது இயல்நிலைப் பரவலின் அட்டவணையை அப்படியே பார்க்கும் சோதனை. நடைமுறையில் அது தெரிவதே இல்லை, அதனால் டி.

டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டுக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ் போன்ற மூலப்பொருள்களில் நாலைந்து அளவுகள்தான் கிடைக்கும். அவ்வளவு சின்ன மாதிரியில் திட்டவிலக்கமே ஒரு குத்துமதிப்பு; அதை உறுதியான எண்ணாக நினைத்து இசட் அட்டவணையைப் பார்த்தால், தேவைக்கு மேல் தைரியம் வந்துவிடும். எவ்வளவு கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்பதைக் கோசெட் கணிதத்தால் வருவித்தார். அது சரியா என்று பார்க்க, 3,000 குற்றவாளிகளின் உயரம், இடது நடுவிரல் நீளம் ஆகியவற்றை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் எடுத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கையாலேயே செய்த சிமுலேஷன். 1908-ல் கட்டுரை வெளிவந்தபோது ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத நிறுவனம் விடவில்லை, அதனால் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயர்.

மாதிரி பெரிதாக ஆக, டி-யும் இசட்டும் ஒன்றாகிவிடும். ஆகவே எப்போதும் டி என்று வைத்துக்கொண்டால் நஷ்டமில்லை.

கையாலேயே போட்டுப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு வேண்டும்.

பயிற்சிக்காக நான் அமைத்த எண்கள் இவை. 500 கிராம் என்று அச்சிட்ட சர்க்கரைப் பாக்கெட்டுகளில் ஒன்பதை எடுத்துக் கவரின் எடையைக் கழித்து நிறுத்தோம் என்று வைத்துக்கொள்வோம்: 498, 501, 496, 499, 502, 495, 497, 500, 494.

கூட்டினால் 4,482. சராசரி 498. ஒவ்வொன்றும் 498-இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எழுதி, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 60. அதை 9-ஆல் அல்ல, 8-ஆல் வகுக்க வேண்டும். சராசரியையும் இதே ஒன்பது எண்களிலிருந்துதானே எடுத்தோம்? எட்டு விலகல்கள் தெரிந்தால் ஒன்பதாவது தானாக வந்துவிடும். சுதந்திரமாக நிற்பவை எட்டுதான். கட்டின்மை எண் 8 என்று சொல்வது இதைத்தான். 60 ÷ 8 = 7.5, அதன் வர்க்கமூலம் 2.74. திட்டப்பிழை 2.74 ÷ 3 = 0.913. டி = −2 ÷ 0.913 = −2.19.

அட்டவணையில் கட்டின்மை எண் 8-க்கு, 5 சதவீத இருபக்கச் சோதனைக்கு (கூடினாலும் குறைந்தாலும் கணக்கில் எடுப்பது) 2.306. நம்முடைய 2.19 அதைத் தொடவில்லை. நிராகரிக்க முடியாது.

ஆனால் ஒருபக்கச் சோதனைக்கு (குறைகிறதா என்று மட்டும் பார்ப்பது) அட்டவணை சொல்வது 1.860. அதைத் தாண்டிவிட்டோம். நிராகரிக்கலாம்!

அதெப்படி, ஒரே தரவுக்கு இரண்டு தீர்ப்பா?

ஆமாம், எண்களை வேண்டுமென்றே அப்படித்தான் வைத்தேன். இருபக்கப் பி-மதிப்பு சுமார் 0.06, ஒருபக்கத்துக்கு அதில் பாதி, 0.03. கேள்வி மாறினால் தீர்ப்பு மாறும்.

வாடிக்கையாளருக்கு எடை குறைகிறதா என்பது மட்டுமே கவலை என்றால் ஒருபக்கம் நியாயம். பாக்கெட் போடும் இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று ஆலை பார்க்கிறது என்றால் கூடினாலும் நஷ்டம், குறைந்தாலும் சிக்கல், இருபக்கம்தான் சரி. எதுவானாலும் தராசில் வைப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இருபக்கம் போட்டு 0.06 வந்ததும் ‘ஒருபக்கம் போட்டால் என்ன?’ என்று யோசிப்பது, பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டு எல்லைக்கோட்டை வரைவது.

சட்டம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். இந்தியாவின் 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி 500 கிராம் பாக்கெட்டில் அனுமதிக்கப்படும் பிழை 3 சதவீதம், அதாவது 15 கிராம். தனித்தனிப் பாக்கெட்டுக்கு இந்த எல்லை. மாதிரியின் சராசரிக்குத் தனி நிபந்தனை. நம் ஒன்பதில் மிகக் குறைந்தது 494. பாக்கெட் கணக்கில் பிரச்சினை இல்லை. சராசரி கணக்கில்தான் கேள்வி எழும்.

நிராகரிக்க முடியவில்லை என்றால் சராசரி 500 கிராம்தான் என்று நிரூபணம் ஆகிவிட்டதா?

இல்லவே இல்லை. 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை, அதாவது இந்தத் தரவோடு ஒத்துப்போகும் சராசரிகளின் வீச்சை, போட்டுப் பாருங்கள்: 498 ± 2.306 × 0.913, அதாவது 495.9 முதல் 500.1 வரை. 500 உள்ளே இருக்கிறது. 497-உம் இருக்கிறது, 496-உம் இருக்கிறது. அவற்றில் எதை இன்மைக் கருதுகோளாக வைத்திருந்தாலும் இதே தரவு நிராகரித்திருக்காது. 500-க்கு மட்டும் ஏன் நிரூபணம் என்ற பட்டம்?

ஒன்பது பாக்கெட் போதவில்லை என்பதுதான் உண்மை. சராசரி நிஜமாகவே 2 கிராம் குறைந்தால் நூற்றுக்கு எண்பது தடவையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், (1.96 + 0.84)-இன் வர்க்கத்தை 7.5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க வேண்டும்: 14.7. (1.96 அந்த 5 சதவீதக் கோட்டுக்கு, 0.84 அந்த எண்பதுக்கு; 4 என்பது 2 கிராமின் வர்க்கம்.) சின்ன மாதிரி, டி-சோதனை என்பதால் இரண்டு மூன்று கூட்டி, 17 பாக்கெட். இந்தக் கணக்கைத் தரவு சேர்ப்பதற்கு முன் போட வேண்டும். பின்னால் போடுகிறவர்களே அதிகம்.

உண்மையை நிராகரிப்பது முதல் வகைப் பிழை, பொய்யை நிராகரிக்காமல் விடுவது இரண்டாம் வகைப் பிழை என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். இந்தப் பிரிவினையை முறைப்படுத்தியவர்கள் யெர்சி நேமன், எகான் பியர்சன் என்ற புள்ளியியலாளர்கள். அவர்களுடைய முக்கியமான கட்டுரை 1933-ல் வந்தது.

மாதிரியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் எதையும் நிராகரித்துவிடலாம் போலிருக்கிறதே?

போலிருக்கிறது என்ன, அப்படித்தான். இதே சராசரி, இதே திட்டவிலக்கம் 36 பாக்கெட்டில் வந்திருந்தால் டி −4.38. விலகல் அதே 2 கிராம்தான். அதனால்தான் பி-மதிப்பை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தக்கூடாது; எவ்வளவு விலகல், அதன் நம்பிக்கை இடைவெளி என்ன என்பதையும் எழுத வேண்டும்.

உடல் வெப்பநிலைக்கு அந்த இடைவெளி 98.12 முதல் 98.38 வரை. 98.6-ஐ உறுதியாக நிராகரிக்கிறோம். ஆனால் வித்தியாசம் மூன்றில் ஒரு டிகிரி பாரன்ஹீட். காலைக்கும் மாலைக்கும் இடையே ஒரே ஆளின் வெப்பநிலை மாறுவது இதைவிட அதிகம். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்க்கும் தாய்க்கு இந்தப் பி-மதிப்பால் எதுவும் மாறப்போவதில்லை. மருத்துவ ஆய்வாளருக்கு மாறும்: அமெரிக்கத் தரவை அலசிய 2020-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, பிறந்த காலம் ஒவ்வொரு பத்தாண்டு பிந்தும்போதும் 0.03 டிகிரி செல்சியஸ் வீதம் சராசரி இறங்கி வந்திருப்பதாகச் சொன்னது. அவ்வளவு சின்ன மாற்றமும் அங்கே ஒரு கேள்விதான்.

148 பேர், 700 அளவுகள் என்றீர்கள். எண்ணிக்கை என்ற இடத்தில் எதைப் போடுவது?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் குறைவு. சூத்திரத்தில் உள்ள அந்த வர்க்கமூலம், ஒவ்வொரு அளவும் மற்றதைச் சாராதது என்று நம்பி எழுதப்பட்டது. ஒரே ஆளிடம் மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப எடுத்த அளவுகள் அப்படியல்ல. உடம்பு கொஞ்சம் சூடாகவே இருக்கும் ஒருவர், எத்தனை தடவை அளந்தாலும் கூடுதலாகவே காட்டுவார். 700 என்று போட்டால் திட்டப்பிழை பொய்யாகச் சுருங்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு சராசரி எடுத்து 148 என்று போடுவது எளிய வழி.

பத்துச் செடியில் தலா இருபது இலை பறித்து அளந்தவர்களுக்கும் இதே பதில்: எண்ணிக்கை பத்துதான், இருநூறு அல்ல.

இன்னொன்று. அந்த 148 பேரும் தடுப்பூசி ஆய்வுகளுக்காகத் தன்னார்வமாக வந்த அமெரிக்க இளைஞர்கள். மனிதகுலத்திலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தவர்கள் அல்ல. டி-சோதனை இந்தக் குறையைக் கண்டுபிடிக்காது, சரிசெய்யவும் செய்யாது.

சராசரி இல்லை, விகிதம்தான் இருக்கிறது. அதற்கு?

இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் சிறைவைக்கப்பட்ட ஜான் கெர்ரிச் என்ற கணிதவியலாளர் பொழுதுபோகாமல் ஒரு நாணயத்தை 10,000 தடவை சுண்டினார். தலை 5,067. சரிபாதி என்பது கருதுகோள், எதிர்பார்ப்பது 5,000. திட்டப்பிழை 10,000 × ½ × ½-இன் வர்க்கமூலம், 50. இசட் = 67 ÷ 50 = 1.34. இருபக்கப் பி-மதிப்பு 0.18. நாணயத்தைச் சந்தேகிக்கப் போதுமான ஆதாரம் இல்லை.

எண்ணிக்கை சின்னதாக இருந்தால் (எதிர்பார்க்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ பத்துக்கும் குறைவு என்றால்) இசட் வேண்டாம், ஈருறுப்புப் பரவலை (இத்தனை தடவையில் இத்தனை ‘ஆம்’ வரும் வாய்ப்பைச் சொல்வது) நேரடியாகப் பயன்படுத்துங்கள்.

நிராகரித்துவிட்டேன். என்னுடைய விளக்கம் நிரூபணமாகிவிட்டதுதானே?

1710-ல் ஜான் அர்பத்நாட் என்ற மருத்துவர் லண்டன் ஞானஸ்நானப் பதிவுகளில் 82 ஆண்டுகளைப் பார்த்தார். ஒவ்வோர் ஆண்டும் ஆண் குழந்தைகளே அதிகம். ஆணும் பெண்ணும் சரிபாதி வாய்ப்பு என்றால், 82 ஆண்டும் தொடர்ந்து ஆணே முந்தும் வாய்ப்பு, அரையை 82 தடவை பெருக்கினால் வருவது, ஏறக்குறைய பூஜ்ஜியம். கருதுகோள் சோதனை என்று சொல்லத்தக்கவற்றில் மிகப் பழையவற்றில் ஒன்று இது. கணக்கு அருமை. ஆனால் அதிலிருந்து அவர் போன இடம்: ஆகவே இது தற்செயலல்ல, இறைவனின் ஏற்பாடு.

கணிதவியலாளர் நிக்கோலஸ் பெர்னூலி மறுத்தார். ஆணுக்கு 35-இல் 18 பங்கு வாய்ப்பு என்று வைத்தாலே அந்தப் பதிவுகள் பொருந்திவிடுகின்றன என்று காட்டினார். தற்செயல்தான், சரிபாதித் தற்செயல் அல்ல. நிராகரிக்கப்பட்டது ‘சரிபாதி’ என்ற ஒரு எண் மட்டும். காரணம் எது என்று அந்தச் சோதனை வாயே திறக்கவில்லை.

ஒப்பிடும் எண்ணை நானே தேர்ந்தெடுக்கலாமா?

என்னைக் கேட்டால், ஒரு-மாதிரிச் சோதனையில் சூத்திரத்தைவிட முக்கியமான கேள்வி இதுதான். அந்த எண் உங்கள் மாதிரிக்கு வெளியே, உங்கள் தரவுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். பாக்கெட்டில் அச்சிட்ட 500, நாணயத்தின் ½, வுண்டர்லிஹ்ஹின் 98.6 எல்லாம் அப்படிப்பட்டவை. தரவைப் பார்த்துவிட்டு அதற்குத் தோதான எண்ணைத் தேடினால் பி-மதிப்புக்கு அர்த்தமே இல்லை.

போன ஆண்டு 40 பேரிடம் எடுத்த சராசரியை ஒப்பிடும் எண்ணாக வைப்பதும் தப்பு. அதுவும் ஒரு மாதிரி, அதற்கும் திட்டப்பிழை உண்டு. அங்கே தேவை இரு-மாதிரிச் சோதனை.

கருத்துக்கணிப்பு ஆய்வேடுகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ 5, ‘முற்றிலும் மறுக்கிறேன்’ 1 என்ற அளவுகோலில் பதில் வாங்கி, 3-உடன் ஒப்பிட்டு ஒரு-மாதிரி டி-சோதனை போடுகிறார்கள். 3 என்பது நடுநிலை என்று வாதிடலாம், சரி. ஆனால் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒப்பிடும் எண் முதலில் 0 என்றுதான் நிற்கும். அதை மாற்றாமல் ஓகே அழுத்தினால், 1 முதல் 5 வரையான பதில்களின் சராசரி பூஜ்ஜியமா என்று கேட்டதாக ஆகும். டி மதிப்பு அறுபது எழுபது என்று வரும், எல்லா வரியிலும் பி 0.000. அட்டவணை பார்க்க வெகு அழகாக இருக்கும். ஆய்வேட்டில் டி மதிப்புகள் அப்படிக் கொழுத்துக் கிடந்தால் முதலில் அந்தப் பெட்டியைப் பாருங்கள்.

தரவு இயல்நிலைப் பரவலில் இல்லாவிட்டால்?

மாதிரி ஓரளவு பெரிதாக இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சராசரியின் பரவல் தானே இயல்நிலையை நெருங்கும். முப்பது போதும் என்பது தோராய விதிதான், வருமானம் போல ஒரு பக்கம் நீண்ட வாலுள்ள தரவுக்கு முப்பது போதாது. சின்ன மாதிரி, கோணலான தரவு என்றால் ஃபிராங்க் வில்காக்சன் 1945-ல் தந்த குறித்தரச் சோதனை (விலகல்களின் மதிப்பை விட்டு, அவற்றின் தரவரிசையையும் குறியையும் பார்ப்பது) இருக்கிறது, அல்லது அர்பத்நாட் செய்ததைப் போல எத்தனை மேலே, எத்தனை கீழே என்று எண்ணிவிடலாம். எதுவானாலும் முதலில் ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள்.

எக்செலில் ஒரு-மாதிரி டி-சோதனையே காணோமே?

நேரடியாக இல்லை. குறுக்குவழி உண்டு: தரவு உள்ள பத்திக்குப் பக்கத்துப் பத்தியில், எல்லா வரியிலும் ஒப்பிடும் எண்ணையே (500 என்றால் 500) நிரப்புங்கள். பிறகு டி-டெஸ்ட் சார்பில் இணைச் சோதனையைக் கேளுங்கள். வகை 1 அது. ஒவ்வொரு வரியிலும் வித்தியாசம் எடுத்துத்தான் அது கணக்கிடும், ஆகவே விடை ஒரு-மாதிரிச் சோதனையின் விடையேதான். மேலே உள்ள ஒன்பது பாக்கெட்டையும் போட்டு, பக்கங்கள் 2 என்று கொடுத்தால் 0.06-ஐ ஒட்டி வர வேண்டும். 0.04-ஐ ஒட்டி வந்தால், வகை என்ற இடத்தில் 2 என்று கொடுத்திருப்பீர்கள்.